படிக்கட்டுக்குக் கீழே இன்னொரு ஓவன்

நல்ல மனிதர்கள் மீதுதான் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது. எங்கள் முதலாளி ஸ்ரீகண்டன் ரொம்ப நல்ல மனிதர். பெங்களூர் தொம்மலூரில் நூற்றுப்பத்து பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனி அவருடையது. தண்ணீர் கேன் முதல் ஏசி வரை அங்கே பார்த்துக்கொள்வது எத்திராஜ் என்கிற நான்.

லின்தோய் மணிப்பூர்ப் பெண். வந்த மூன்றாம் மாதமே கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொண்டு, தினமும் என்னைப் பார்த்து, "ஊட்டா ஆய்தா அண்ணா?" என்பாள். சாப்பிட்டாயா என்று அந்த ஆபீசில் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

ஒரு புதன்கிழமை மதியம் பேன்ட்ரியில் அவள் மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். டீம் லீட் ஹரிஷ் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான். "இது ஆபீஸா, சைனா பஜாரா?" என்று கேட்டு, ஓவனைத் திறந்து டப்பாவை எடுத்து அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டான். எங்கள் வீட்டுக் கருவாட்டுக்கு அதைவிட வாசம் அதிகம். ஆனாலும் பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். கேன் மாற்றிக்கொண்டிருந்த நானும் பல்லைக் காட்டினேன்.

அவள் புகார் கொடுத்தாள். சாட்சி என்று என்னையும் ஸ்ரீகண்டன் அறைக்குக் கூப்பிட்டார்கள். லின்தோய் கேட்டது ஒன்றே ஒன்று. அதே பேன்ட்ரியில், சிரித்தவர்கள் முன்னாலேயே, ஹரிஷ் செய்தது தப்பு என்று ஸ்ரீகண்டன் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஸ்ரீகண்டன் கண் கலங்கிவிட்டது. நிறவெறி, இனவெறி எதையும் தன் கம்பெனியில் சகிக்க மாட்டேன் என்று இருபது நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஹரிஷை எல்லார் எதிர்லயும் நிக்க வச்சா டீமே உடைஞ்சு போயிடும் எத்திராஜ். அவன் இல்லேன்னா அந்த அமெரிக்கா ப்ராஜெக்ட் கதை கந்தல். இந்தப் பொண்ணுக்குன்னு தனியா ஒரு ஓவன் வாங்கிடலாம். யாரும் அவளைத் தொந்தரவு பண்ண மாட்டா. எப்படி ஐடியா?"

லின்தோய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் டீக்கடையில் அப்பாவுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இருபத்தாறாயிரம் சம்பளம், தொம்மலூர் வாடகை, இரண்டு பிள்ளைகள்.

"சூப்பர் ஐடியா சார்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாளே ஓவன் வந்தது. பின்வாசல் படிக்கட்டுக்குக் கீழே, துடைப்பம் வைக்கிற இடத்தை ஒழித்து மாட்டினேன். 'ஸ்பெஷல் ஃபுட்' என்று பிரின்ட் எடுத்து, பிரியவே கூடாது என்று நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்ரீகண்டன் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, 'பேச்சல்ல, செயல்' என்று கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டார். முதல் லைக் ஹரிஷ் போட்டான்.

லின்தோய் அந்த ஓவனை ஒரு நாளும் தொடவில்லை. தன் மேஜையிலேயே ஆறின சோற்றைத் தின்றாள். பதினோராம் நாள் ராஜினாமா கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த விஷயம்' என்று எழுதியிருந்தாள். அடையாள அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டியது என் வேலை. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஊட்டா ஆய்தா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்ரீகண்டன் படிக்கட்டுப் பக்கம் வந்தார்.

"புது ஓவன் சும்மா கிடக்கறதே எத்திராஜ். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, நீங்கல்லாம் இனிமே இதுலயே சூடு பண்ணிக்கோங்கோ. மேல பேன்ட்ரில கூட்டமும் குறையும். என்ன?"

"சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மதியம் என் டப்பாவோடு அதன் முன்னால் போய் நின்றேன். முதலில் அந்தக் காகிதத்தையாவது கிழித்துப் போடலாம் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன், வரவில்லை.