வைரத்திலிருந்து தங்கத்துக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வந்து கதவைத் தட்டினாலும் நான் எழுந்து வரமாட்டேன் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் ஜியாவுதீனுக்கு அன்றைக்குத்தான் லீவு. ஜும்மா முடிந்து, சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்ததும் போனில் கூப்பிடுவார். பேசுவதற்கு அல்ல, கேம் ஆடுவதற்கு.

கல்யாணமான புதிதில் பேசித்தான் பார்த்தோம். சாப்பிட்டியா, அம்மா மாத்திரை போட்டுச்சா, அங்குட்டு வெயிலா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. பிறகுதான் இந்த ஐந்து பேர் டீம் சண்டையை எனக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் முன்னால் போய் அடிப்பார், நான் பின்னால் நின்று அவருக்கு உயிர் ஏற்றுவேன். "மச்சான், வலது பக்கம் ஆளு நிக்கிது" என்பேன். திரும்பி அடித்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

தோற்றால் மட்டும் பேச்சு மாறிவிடும். "உன்னாலதான் நான் தங்கத்துலயே கெடக்கேன்" என்பார். வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று போகிறது அந்த விளையாட்டின் ரேங்க். தனியாக ஆடும்போதும் மனிதர் தங்கத்தில்தான் கிடந்தார். அதற்கும் காரணம் வைத்திருந்தார். "சோலோவுல எவனும் ஏற முடியாது. கூட வர்ற நாலு பேரும் வெத்துப் பயலுக."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருக்கு ஒரு மாதம் வெள்ளிக்கிழமையும் ஓவர்டைம் போட்டார்கள். மதியம் மாமி, அவருடைய அம்மா, தூங்கியதும், தெருவில் போகும் மில் லாரிகளின் சத்தத்துக்கு நடுவே, மைக்கை அணைத்துவிட்டுத் தனியாக ஆட ஆரம்பித்தேன். பின்னால் நின்று காப்பாற்ற அங்கே எனக்கு மச்சான் இல்லை. அதனால் முன்னால் போனேன். நன்றாகவே அடித்தேன். யார் முதுகையும் பார்க்காமல் ஆடுவது எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயமாக இருந்தது. தங்கம் பிளாட்டினமாகி, பிளாட்டினம் வைரமானது. பார்த்தால் பூரித்துப்போவார் என்று நினைத்தேன், அசடு.

ஓவர்டைம் முடிந்து அவர் கூப்பிட்ட வெள்ளிக்கிழமை, விளையாட்டு எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இருவரின் ரேங்குக்கும் இடைவெளி அதிகம், ஜோடியாக ஆட முடியாது என்று எழுத்து வந்தது. அவர் என் ரேங்கைத் திறந்து பார்த்தார்.

"யாரு ஆடுனா?"

"நான்தான் மச்சான். தனியா."

"தனியா வைரத்துக்கு எவனும் போக முடியாது. நானே போகல. எவன்கூட ஜோடி சேந்து ஆடுன?"

"அல்லா மேல சத்தியமா யாருமில்ல. என்னையப் போயிச் சந்தேகப்படுறீகளே."

போனை வைத்துவிட்டார்.

அழுது முடித்ததும் யோசித்தேன். நடுவில் நிற்பது இந்த வைரம்தானே, அதை இறக்கிவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று தோன்றியது. மறுநாள் மதியத்திலிருந்து வேண்டுமென்றே தோற்றேன். மேட்சுக்குள் போய்ச் சும்மா நின்றேன். தெரியாத நாலு பேர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார்கள். அதில் நம்ம பக்கத்து ஆள் ஒருவன், "அண்ணே, வெளாட இஷ்டமில்லாட்டி எதுக்குண்ணே வாரீக?" என்று அழாத குறையாகக் கேட்டான். பாவமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. வியாழக்கிழமை தங்கத்துக்கு வந்து சேர்ந்தேன். பெருநாளுக்குப் புதுத்துணி எடுத்த மாதிரி மனசு நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். விளையாட்டு எங்களைச் சேர்த்துக்கொண்டது.

"பாத்தியா" என்றார், நிதானமாக. "அவன் விட்டுட்டுப் போனதும் பழைய எடத்துக்கே வந்துட்ட. இப்ப எங்க இருக்கான்?"

"உங்களோட ஆடணும்னு நானாத்தான் தோத்தேன் மச்சான்."

"யாராச்சும் வேணும்னு தோப்பாகளா?"

கேட்கும்போது எனக்கே அது நியாயமாகப் பட்டது. இப்போதே முன்னால் போய் அடித்துக் காட்டலாம். காட்டினால், பக்கத்தில் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்பார். காட்டாவிட்டால், போனவன் எவன் என்பார்.

அந்த நேரத்தில் மாமி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"இனிமே வெள்ளிக்கெழமை ஒம் பக்கத்துலயே உக்காரச் சொல்றான் அவன். எதுக்குடான்னா சொல்ல மாட்டேங்கிறான்" என்றபடி என் எதிரே உட்கார்ந்தார்.

மேட்ச் தொடங்கியது. "பின்னாடியே வா" என்றார் அவர், போனில். போனேன். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.