கைச்சூடும் முட்டைச்சூடும்

1

இந்தக் கதை ஒரு கத்தலில் பிறந்தது. மேசைமேல் ஆறு வெப்ப சென்சார்கள். ஆறையும் ஒரே கேபிளில் இணைத்திருந்தேன். கேபிளின் முனை ஒரு சிறிய தரவுப் பெட்டியில். பெட்டியின் வால் கணினியில். திரையில் ஆறு எண்கள் வந்தன. ஒரு சென்சாரை உள்ளங்கையில் பொத்தினேன். ஒரே ஓர் எண் மட்டும் ஏறியது.

"ஏறுதுக்கா! ஏறுது!"

இதைத்தான் முடிவாக எழுதுவதாக இருந்தேன். அவசரக்குடுக்கை.

2

தொடக்கம், முதல் முயற்சி: வெப்பம் என்பது உயிரின்... (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: அக்காவின் குஞ்சு பொரிக்கும் பெட்டி அலமாரி உயரம். ஆறு தட்டுகள். ஆனால் வெப்பமானி ஒன்றே ஒன்று, அதுவும் கதவோரம். போன தடவை பாதி முட்டை பொரியவில்லை. இந்தத் தடவையும் அப்படியானால் தொழிலை மூடிவிடுவாள். தட்டுக்கு ஒரு சென்சார் வைக்கலாம் என்றேன்.

"காலேஜை விட்டே. நைட் ஷிப்டை விட்டே. இதையாவது முடிப்பியாடா?"

இது நிற்கும்.

3

ஒவ்வொரு சென்சாருக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டு. திரை அந்த எண்ணைத்தான் காட்டும், தட்டை அல்ல. எந்த எண் எந்தத் தட்டு என்று சீட்டு ஒட்டிவிட்டுத்தான் உள்ளே பொருத்த வேண்டும். ஆறும் பதில் சொன்ன சந்தோஷத்தில் அப்படியே பொருத்திவிட்டேன். முட்டைகளும் ஏறிவிட்டன.

சில நாள் கழித்து ஐந்து எண்கள் முப்பத்தேழரையில் நின்றன. ஒன்று மட்டும் முப்பத்தொன்பதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

"எந்தத் தட்டுடா?"

"ஆறுல ஒண்ணு."

"அது எனக்கே தெரியுமே, பெரிய இன்ஜினியரு!"

[இங்கே மாமாவைக் கொண்டுவந்து கத்தவிட்டிருந்தேன். அக்காவே போதுமான அளவு கத்தினாள். மாமாவை எடுத்துவிட்டேன்.]

4

மொத்தச் சூட்டையும் குறைத்தால் மற்ற ஐந்து தட்டுகள் குளிர்ந்துவிடும். தப்பான தட்டை வெளியே இழுத்தால் நல்ல முட்டைகள் போகும். எனக்கோ உற்சாகம் பொங்கியது. வழிதான் கையிலேயே இருக்கிறதே!

"கதவைத் திறந்து, மேல் தட்டு சென்சாரைப் பொத்துக்கா. எந்த எண் ஏறுதுன்னு நான் பாக்கறேன்."

பொத்தினாள். எதுவும் ஏறவில்லை.

"இறுக்கிப் பிடி!"

"டேய், கோழி உக்கார்ற சூடும் என் கைச்சூடும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே? எப்படிடா ஏறும், லூசு?"

(என் முதல் பிரதி இந்த இடத்தில் செத்தது. அந்த அழகான கத்தலும் அதோடு போயிற்று.)

சூடாக்க முடியாவிட்டால் குளிர வைக்கலாம். நான் ஃப்ரிட்ஜுக்கு ஓடினேன். அக்கா ஐஸ் கட்டியைச் சென்சார் சென்சாராக வைத்துக் கதவைச் சாத்தினாள். மேல் தட்டில் ஏதோ ஓர் எண் இறங்கியது. இரண்டு, மூன்றிலும் வேறு எண்கள்தான். நான்காவதில், அந்தச் சுடுகிற எண் சறுக்குமரத்தில் விழுவதுபோல் விழுந்தது.

"அதுதான்! அதேதான்க்கா!"

தட்டை இழுத்தோம். பின்னால் சூடான காற்று வெளியேறும் வழியை ஒரு துணி அடைத்துக்கொண்டிருந்தது.

"தட்டு ஆடுதேன்னு நான்தான் சொருகினேன்," என்றாள் அக்கா. அதற்குமேல் என்னைத் திட்டவில்லை.

5

முடிவு அ: குஞ்சுகள் கீச்சிட்டன. (இனிப்பு அதிகம்.)

முடிவு ஆ: நான்காம் தட்டு முழுக்கப் போனது. (கண்டிப்பாகத் தெரிவதுபோல் பேசுகிறேன்.)

முடிவு இ: ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினோம். அக்கா அந்தத் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீ பாருடா. எனக்குப் பயமா இருக்கு." முட்டைக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். ஓட்டுக்குள்

அக்கா இதுவரை படித்துவிட்டுக் கேட்டாள்: "இதையும் பாதியில விட்டுட்டியா?"

"விடலைக்கா. கைமாத்தி விட்டிருக்கேன்."

வாங்கிக்கொள்ளுங்கள். டார்ச் எரிகிறது. உயிர் இருந்தால் சிவப்பு நரம்புகளும், நடுவே துள்ளும் ஒரு கரும்புள்ளியும் தெரியும். முட்டை வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் கையும் அதே வெதுவெதுப்புதான். பார்த்துத்தான் ஆக வேண்டும்.