நீதிபதி தள்ளிய கார்

"நீதிபதி அம்மாவையே என் காரைத் தள்ள வெச்சுக் கேஸை ஜெயிச்சவன் நான். இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

சலூன் நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்த ராக்கெட் இதைச் சொன்னதும் முடிவெட்டுகிறவரின் கத்திரி அந்தரத்தில் நின்றது. ராக்கெட் நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கை மேலும் கீழுமாகவே போய்விட்டதால் நேராக ஓடும் எதன்மீதும் அவருக்கு அடங்காத ஆசை. தன் பழைய காரைப் பற்றி அவர் அளந்த அளப்பில் வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர்.

"கொஞ்சம் குறைச்சுக்குங்க சார்."

"முடியையா?"

"கதையை."

சுவரோரப் பெஞ்சில், பேப்பருக்குப் பின்னால், ராக்கெட்டின் மச்சினன் உட்கார்ந்திருந்தார். அத்தான் மழை பெய்கிறது என்றால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

நடந்தது இதுதான். அறுபதைத் தாண்டக் கூடாத சாலையில் ராக்கெட்டை ஒரு போலீஸ்காரர் மடக்கினார். வேகம் பார்க்கும் கருவியில் தொண்ணூற்றிரண்டு என்று விழுந்திருந்தது. உண்மையில் அந்த நேரம் பார்த்து ஒரு வேன் அவரை உரசுகிற மாதிரி முந்திப் போயிருந்தது; கருவியில் விழுந்தது அதன் வேகம். அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். ஆனால் தொண்ணூற்றிரண்டு என்று கேட்டதும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

"தொண்ணூத்திரண்டுதானா? நூறைத் தாண்டியிருப்பேனே! மெஷினை நல்லாப் பாருங்க தம்பி!"

போலீஸ்காரர் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். ராக்கெட் ஆசையாகக் கையெழுத்துப் போட்டதோடு, ஃபிரேம் போட ஒரு நகலும் கேட்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. குற்றம் உறுதியானால் ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது. மனைவிக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அவர்தான் கூட்டிப்போக வேண்டும்.

"உங்க வாயாலேயே என்னை வீட்டுல உட்கார வெச்சிட்டீங்க," என்றாள் மனைவி. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள்.

கோர்ட்டில் போலீஸ்காரர் அந்த வாக்குமூலத்தை உரக்க வாசித்தார். அறையே சிரித்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த மச்சினன் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னதுதானே இது?" என்றார் நீதிபதி அம்மா.

"சொன்னதுதாங்கம்மா. ஆனா பொய். முப்பது வருஷமா இதே பொய்யைத்தான் சொல்லிட்டிருக்கேன். அந்த வண்டி இறக்கத்துலகூட ஐம்பதைத் தொட்டதில்லை. ஏத்தத்துல போனா, பக்கத்துல நடந்து போறவங்க என்கிட்ட நலம் விசாரிப்பாங்க."

பெற்ற பிள்ளையின் ஃபெயில் மார்க்கைச் சபையில் வாசிக்கிற மாதிரி அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? நான் எதை நம்பறது?"

"வண்டி வாசல்லதான் நிக்குது. நீங்களே பார்த்துடுங்கம்மா."

சாப்பாட்டு இடைவேளையில் நீதிபதி அம்மா நிஜமாகவே இறங்கி வந்தார். போலீஸ்காரர் ஓட்ட உட்கார்ந்தார், ராக்கெட் பக்கத்தில். சாவியைத் திருகத் திருகக் கார் இருமியதே தவிரக் கிளம்பவில்லை.

"ரெண்டு மணிக்கு எனக்கு அடுத்த கேஸ் இருக்கு," என்ற நீதிபதி அம்மா கறுப்பு அங்கியின் கையைச் சுருட்டிவிட்டுக் காரின் பின்பக்கம் போனார்.

கார் ஒரு உலுக்கு உலுக்கிப் புறப்பட்டது. கோர்ட்டுக்குப் பின்னாலிருந்த நீளச் சாலையில் போலீஸ்காரர் மிதியைத் தரையோடு தரையாக அழுத்தினார். திரும்பி வரும்போது கருவியை நீதிபதி அம்மாவே பிடித்துப் பார்த்தார். நாற்பத்தேழு! கேஸ் தள்ளுபடி. ராக்கெட்டுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மறுநாள் காலை மனைவியை நாற்பதில் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனார்.

"சரி சார். ஆனா நீதிபதியாவது, தள்றதாவது!" முடிவெட்டுகிறவர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவர் சொல்ற எதையும் நம்பாத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. மச்சினன் சொத்தை எழுதிக் கொடுக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"நடந்துச்சுப்பா. அந்தம்மா இடது பக்கம், நான் வலது பக்கம். உண்மையைச் சொல்லணும்னா, நான் சும்மா கையை வெச்சிருந்தேன். தள்ளினது அந்தம்மாதான்."