மேலிருந்து பார்த்த பெஞ்சு

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்து. வருகைப் பதிவேட்டிலிருந்து தலை நிமிர்ந்த டீச்சர், மூன்றாவது வரிசையைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தாள்.

ஸ்கேல் தன் வலது கையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேல் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கூடிப் பேசி வைத்த பட்டப்பெயர். சூரியனை வரையச் சொன்னால்கூட ஸ்கேலைத் தேடுகிற ஆறு வயதுப் பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கலர் பெட்டியைத் திறந்ததும் முதலில் நீள்கிற கை அவளுடையதுதான். அந்தக் கை இன்று தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவே புதைந்து கிடந்தது.

"கையில அடி பட்டுச்சா செல்லம்?"

தலை இடம் வலமாக ஆடியது.

"வலிக்குதா?"

மறுபடியும் இடம் வலம்.

"அப்ப எடுத்து தேதி எழுதலாமே?"

"இந்தக் கையால எழுதுறேன் டீச்சர்." இடது கையால் எழுதவும் செய்தாள். எண்கள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்து விழுந்தன.

பக்கத்து நாற்காலிக்காரன் சும்மா இருப்பானா? கேள்விக்குறி என்று அவனுக்குப் பெயர் வந்ததே இதனால்தான். "டீச்சர், அவ கை ஏதாவது தப்பு பண்ணிடுச்சா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஸ்கேல் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அந்தக் கையின் மேல் உட்கார்ந்தாள்.



மாலை மூன்று மணிக்குப் பதில் கிடைத்தது. பள்ளிக் கேட்டில் ஸ்கேலின் அம்மா நின்றிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எப்போதும் வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வருகிறவள், இன்று அவசரமே இல்லாமல் நின்றாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

டீச்சருக்கு அந்தத் தாளைத் தெரியும். அவள் போட்ட தாள்தான். வெள்ளிக்கிழமைதோறும் இருபத்தாறு வீடுகளுக்கும் போகும். அந்த வாரம் பிள்ளைகள் என்ன படித்தார்கள், என்ன கேட்டார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள், எல்லாம் இரண்டு பக்கத்தில் இருக்கும். முதல் பக்கத்தில் ஒரு படம், அதன் கீழே வரைந்த பிள்ளை சொன்ன வார்த்தை. சொன்னதைச் சொன்னபடியே போடுவாள், ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டாள். எட்டு வருஷமாக அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விதி அது.

போன வாரம் கேட்ட கேள்வி, 'நம்ம வீட்டுப் பெரியவங்க பகல்ல எங்க இருக்காங்க?' ஸ்கேல் வரைந்த படத்தில் ஆள் இல்லை, முகம் இல்லை. நடுவில் ஒரு நீளக் கட்டம், சுற்றிப் பாட்டில் மூடியை வைத்து இழுத்த பெரிய வட்டங்கள், மூலையில் ஒரு சதுரம். 'இதுதான் அப்பா உக்கார்ற இடம்' என்று சொன்னாள். நீளக் கட்டம் மேஜை, வட்டங்கள் மற்றவர்களின் நாற்காலி என்று டீச்சர் முடிவுகட்டினாள். அழகாக இருந்ததால் முதல் பக்கத்தில் போட்டாள். அதோடு, எட்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் கையால் மேலே ஒரு தலைப்பும் எழுதினாள்.

'என் அப்பாவின் ஆபீஸ்.'

"உங்க தாளை நான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைப்பேன் டீச்சர்," என்றாள் அம்மா. "இந்த வாரம் ஒட்டல."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"கட்டடத்துக்குப் பிளான் போடுறவரோட பதினோரு வருஷமா குடித்தனம் பண்றேன். சமையலறை எங்க வரணும்னு சண்டை போட்டே எனக்குப் பிளான் படிக்க வந்துடுச்சு. இதுல ஆபீஸ் எங்க இருக்கு? வட்டமா இருக்கிறதெல்லாம் மரம். மேலேருந்து பாத்தா மரம் அப்படித்தான் தெரியும். இந்தச் சதுரம் தண்ணி வராத நீரூற்று. இது கேட். பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கிற பார்க், டீச்சர். எங்க வீட்டுக்காரர் அங்கதான் உக்காந்திருக்கார்!"

டீச்சர் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா வேலை இல்லையாம். நானும் தினம் சாப்பாட்டு டப்பா கட்டிக் குடுத்து, 'மேனேஜர் இன்னைக்கும் கத்தினாரா?'ன்னு கேக்குறேன். அவரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு 'ஆமா'ங்கிறார். என்ன நடிப்பு!" சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "வெள்ளிக்கிழமை கேட்டுட்டேன். கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன். அவர், 'உனக்கு யார் சொன்னது?'ன்னார். நான் இந்தத் தாளைத் தூக்கிக் காட்டினேன். திரும்பிப் பாத்தா கதவுகிட்ட இவ நிக்கிறா."

டீச்சருக்கு இப்போது புரிந்தது. மூன்றாவது வரிசை. வலது கை.

"புதன்கிழமை நாற்காலிக்கு அவரை எதிர்பார்க்காதீங்க," என்று சொல்லிவிட்டு அம்மா நகர்ந்தாள்.

புதன்தோறும் பத்து மணிக்கு யாராவது ஒரு அப்பாவோ அம்மாவோ வகுப்புக்கு வந்து, கரும்பலகை பக்கத்தில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் புதன் ஸ்கேலின் அப்பாவுடைய முறை. சுவரில் ஒட்டிய பட்டியலில் ஒரு மாதமாக அவர் இருக்கிறார்.

தலைமையாசிரியையிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நமக்கு எதுக்கும்மா இந்த வம்பு? தாளை நிறுத்திடு. நாலு போட்டோ எடுத்து போன்ல அனுப்பு. எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிடுவாங்க."

நிறுத்துவது சுலபம். ஆனால் நிறுத்தினால் அந்தக் கை வெளியே வருமா?

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் எல்லோரும் வெளியே ஓடிய பிறகு டீச்சர் மூன்றாவது வரிசைக்குப் போனாள். குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்தாள்.

"அப்பாவைப் பார்க்ல எப்ப பாத்தே?"

ஸ்கேல் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லிய குரல். "இலை பொறுக்கப் போனோம்ல, அன்னைக்கு."

டீச்சரும்தான் போனாள். இருபத்தாறு தலைகளை எண்ணிக்கொண்டே நடந்தவள் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பா இப்படிப் பண்ணாரு." இடது கை ஆள்காட்டி விரல் உதட்டின் மேல் போய் நின்றது. "நான் சொல்லவே இல்ல டீச்சர். வாய் சொல்லவே இல்ல. இந்தக் கைதான் சொல்லிடுச்சு."

அதனால் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

டீச்சர் தன் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். "இங்க பாரு. படம் உன் கை வரைஞ்சது. மேல இருக்கிற எழுத்து?"

"உங்க எழுத்து."

"ஆபீஸ்னு நீ சொன்னியா?"

"இல்ல."

"நான்தான் தப்பா எழுதினேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எல்லார் வீட்டுக்கும் அனுப்பினதும் நான்தான். உன் கை ஒரு தப்பும் பண்ணல."

ஸ்கேல் யோசித்தாள். நம்பலாமா வேண்டாமா என்று அந்தச் சின்ன நெற்றி சுருங்கியது. "இதை அப்பாகிட்ட சொல்லுங்க," என்றாள். கை அசையவில்லை.

மதியம் பன்னிரண்டேகாலுக்கு டீச்சர் பூங்கா கேட்டைத் தள்ளித் திறந்தாள். நீரூற்றைத் தாண்டி ஐந்தாவது மரம். படத்தில் எங்கே இருந்ததோ அச்சாக அங்கேயே பெஞ்சு இருந்தது. அதில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மனிதர், மடியில் சாப்பாட்டு டப்பா. காலடியில் ஏழெட்டுப் புறாக்கள்.

"வாங்க டீச்சர், வாங்க," என்றார் அவர், எழுந்திருக்காமலே. "ஆபீஸுக்கு வந்திருக்கீங்க. இவங்கதான் கூட வேலை பாக்குறவங்க." புறாக்களைக் காட்டினார். குரலில் நக்கல், கண்ணில் அது இல்லை.

"மன்னிப்பு கேக்க வந்தேன் சார்."

"எதுக்கு? ஊருக்கே தண்டோரா போட்டதுக்கா?"

"ஆமா," என்றாள் டீச்சர். "அதுக்குத்தான்."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. டப்பாவை மூடினார். "ரெண்டு மாசம் பொத்திப் பொத்தி வச்சேன். ஒரு வேலை கிடைச்சதும் அவகிட்ட சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். இப்ப வீட்டுல பேச்சே இல்ல. டப்பா கட்டுறதை மட்டும் அவ நிறுத்தல."

"உங்க பொண்ணு ரெண்டு நாளா வலது கையைத் தூக்கல."

அவர் முகம் மாறியது. "அடிபட்டுச்சா?"

டீச்சர் சொன்னாள். விரல், உதடு, வாய், கை, எல்லாம். சொல்லி முடித்ததும் ஸ்கேல் வரைந்த அசல் படத்தை அவர் மடியில் வைத்தாள். தாளில் சின்னதாகத்தான் அச்சாகியிருந்தது, அசல் பெரியது.

பழகிய கண்கள் படத்தின் மேல் கோடு கோடாக நகர்ந்தன. "கேட் திறக்கிற பக்கம் சரியா போட்டிருக்கா. பெஞ்சு நீளம் கொஞ்சம் அதிகம்." விரல் நீளக் கட்டத்தில் வந்து நின்றது. "இதென்ன, ரெண்டு வட்டம்?"

பெஞ்சின் மேல் ஒரு வட்டம், ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன வட்டம்.

"நான் அதைத் தட்டும் டம்ளரும்னு நினைச்சேன்," என்றாள் டீச்சர் கூச்சத்தோடு.

அவர் தலையசைத்தார். "மேலேருந்து பாத்தா தலை இப்படித்தான் தெரியும். இது நான்." விரல் சின்ன வட்டத்துக்கு நகர்ந்தது. "இது... என் பக்கத்துல உக்காந்திருக்கா." காலைத் தூக்கிப் புறாக்களை விரட்டினார், அவை ஏதோ தொந்தரவு செய்ததைப் போல.

"நாளைக்குப் பத்து மணி சார். நாற்காலி போட்டிருப்பேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

"வந்து என்னத்தைச் சொல்றது?" என்றார் அவர்.

புதன். பத்து ஆயிற்று. பத்து ஐந்து. நாற்காலி காலி. கேள்விக்குறி வாசலுக்கும் கடிகாரத்துக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பி அலுத்துவிட்டான். ஸ்கேல் வாசலைப் பார்க்கவே இல்லை. பத்து எட்டுக்குக் கதவில் இரண்டு தட்டு.

அதே இஸ்திரிச் சட்டை. கையில் டப்பா இல்லை. மஞ்சள் நிற அளவு டேப் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார்.

"நான் கட்டடத்துக்குப் பிளான் வரையிறவன். ஆனா இப்ப எனக்கு வேலை இல்ல. தேடிக்கிட்டிருக்கேன்."

கேள்விக்குறியின் கை விட்டத்தைத் தொட்டது. "எங்க அங்கிள் தேடுவீங்க? கட்டிலுக்கு அடியிலயா? எங்க வீட்டுல எது தொலைஞ்சாலும் அங்கதான் இருக்கும்!"

"அங்கேயும் பாத்துட்டேன்பா. ஒத்தை சாக்ஸ்தான் கிடைச்சுது."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "தேடும்போது போர் அடிக்குமா?" என்றது ஒரு பெண். "அடிக்கும். பயமாவும் இருக்கும். அதை வீட்டுல சொல்லிருந்தா பயம் பாதியாகியிருக்கும். எனக்கு அது தோணல." அவர் யாரையும் பார்க்காமல்தான் சொன்னார்.

பிறகு எழுந்து டேப்பை இழுத்தார். "இந்த வகுப்புக்குப் பிளான் போடலாம் வாங்க. அந்த முனையை ஒருத்தர் பிடிக்கணும். அளவு எழுதிக்க இன்னொருத்தர் வேணும், கோடு நேரா வரணும்."

இருபத்தைந்து கைகள் எழுந்தன. டேப்பின் முனையைக் கேள்விக்குறி பிடுங்கிக்கொண்டான். சுவரிலிருந்து சுவருக்கு இழுத்தார்கள். "ஆறு மீட்டர் இருபது," என்றார் அப்பா. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். யாரிடமும் நீட்டாமல் மூன்றாவது வரிசை மேஜையின் விளிம்பில் வைத்துவிட்டு, அடுத்த சுவரை நோக்கி நடந்தார்.

"ஆறு மீட்டர் இருபது," என்றார் மறுபடி, திரும்பாமலே. "மறந்துடப் போறேன்."

டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள். ஸ்கேல் பென்சிலைப் பார்த்தாள், அப்பாவின் முதுகைப் பார்த்தாள். மெல்ல இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். கை வெளியே வந்தது. நாற்காலிப் பலகையின் கோடுகள் பதிந்து சிவந்திருந்தது. மரத்துப்போன விரல்களை உதறினாள், முகம் சுளித்தாள், மறுபடி உதறினாள்.

"எறும்பு ஓடுதுப்பா!"

"ஓடட்டும், நான் இருக்கேன்," என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் தாளை அடுக்கினாள். முதல் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது, தலைப்பு எழுதும் இடமும்தான். ஸ்கேல் வகுப்பறைப் பிளானின் மேல் குனிந்திருந்தாள். நாற்காலிகள் சதுரம் சதுரமாக, அவற்றில் பசை பாட்டில் மூடியை வைத்து இழுத்த தலைகள். இருபத்தாறு சின்னது. கரும்பலகை ஓரமாக ஒரு பெரிசு.

டீச்சர் பக்கத்தில் மண்டியிட்டாள். "இதை எல்லார் வீட்டுக்கும் அனுப்பலாமா?"

ஸ்கேல் பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள்.

"இருங்க டீச்சர்," என்றாள். "உங்க தலையை இன்னும் போடல."