பூஜையில் வைத்த விண்கலம்

ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், வெல்டிங் மிஷினோடு என் லேப்டாப்பையும் தூக்கிவைத்துச் சந்தனம் தடவியவர் அப்பாதான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிதம்பரத்தில் பட்டறை வைத்திருக்கும் தங்கராசுவுக்கு மகனைக் கேட்டுச் செய்கிற பழக்கம் எந்தக் காலத்தில் இருந்தது?

அந்த லேப்டாப்புக்குள் என் இரண்டு வருஷ உழைப்பு இருந்தது. பழைய காலத்து வீடியோ கேம் மாதிரி, கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகளாலான விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுத்தள்ளும் சண்டை. ஒவ்வொரு கோடும் நான் போட்டது. சென்னையில் ஒரு கம்பெனி போட்டி வைத்திருந்தது. ஜெயித்தால் அங்கேயே வேலை. அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

“அஞ்சு நிமிஷம்பா. அனுப்பிட்டு திரும்ப வச்சிடறேன்.”

“பூசைல வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடறேன்.”

“நல்ல நாளும் அதுவுமா அப்பாகிட்ட மல்லுக்கு நிக்காதடா,” என்று அம்மா கண்ணைக் கசக்கினாள்.

வேறு வழி? கடலூரில் இருக்கும் ராபர்ட்டுக்குப் போன் அடித்தேன். என்னோடு படித்தவன். கேமில் குண்டு வெடிக்கிற சத்தம் மட்டும் அவன் சேர்த்தது. அதனால் அவனிடம் ஒரு காப்பி இருந்தது.

“கவலய வுடு மச்சான், நான் அனுப்பறேன்,” என்றான்.

அனுப்பினான், படுபாவி. கேம் ஜெயித்தது. ரிசல்ட்டைப் பார்த்தால் ராபர்ட் பேர் மட்டும் இருக்கிறது. போனில் கத்தினேன்.

“ஒரு பேருதான் கேட்டாங்க மச்சான். நான் அனுப்பலன்னா அது பூசைலதான கெடந்திருக்கும்?” என்றான்.

நடந்ததை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். “கூட்டாளி முன்னேறினா பொறாமப்படாதடா,” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை லட்டு டப்பாவோடு ராபர்ட் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். கொழுப்பைப் பாருங்கள்! அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“இவனும் ரெண்டு வருசமா கேமு கேமுன்னு வெட்டியா ஒக்காந்திருக்கான். ஒங்க கம்பெனில எதுனா பாத்து சேத்து வுடுப்பா.” யாரிடமும் போய் நிற்காத மனுஷன், அவனிடம் கெஞ்சினார்.

ராபர்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை. “என் கேம வெளாடிப் பாத்து தப்பு கண்டுபுடிக்க ஆளு எடுக்கறாங்க மாமா. சொல்லிப் பாக்கறேன்.”

என் கேம் என்கிறான், என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு!

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு லட்டை எடுத்து என் வாயில் திணித்தார்.

“தேங்ஸ் சொல்லுடா.”