பிரியாத கைகள்

இங்கிலாந்து ராஜாவின் லங்காஸ்டர் குலத்துக்கு விசுவாசம் சொல்லக் கூப்பிய கெர்வேஸின் கைகள் அதற்குப் பிறகு பிரியவே இல்லை. அந்த வருஷம் பார்லி விளைச்சலும் சுமார்தான். தப்பு ஊர்ப் பிரபு சர் பேகனுடையது. மண்டியிட்டவனின் கூப்பிய கைகளைப் பிரபு தன் இரு கைகளுக்குள் பொத்தி, 'ஏற்றேன்' என்று சொன்னால்தான் சடங்கு முடியும். சிம்மாசனத்துக்கு மோதிய யார்க் குலத்துப் படை ஆற்றைத் தாண்டிவிட்டது என்று சேதி வரவும், அவர் பாதியிலேயே கையை உருவிக்கொண்டு குதிரையேறினார். பனி கொட்டிய போர்க்களத்தில் செத்தும் போனார். ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லித் தொலைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

மனைவி மரியட்தான் உழுதாள், கஞ்சி ஊட்டினாள். ராஜா மாறினார். யார்க் பக்கத்து மணியக்காரர் வந்து அந்தக் கைகளைப் பொத்தி, தொண்டை வறள 'ஏற்றேன், ஏற்றேன்' என்று கத்திப் பார்த்தார். அசையவில்லை. திமிர் என்று சொல்லி மேட்டு வயலைப் பிடுங்கிக்கொண்டார்.

"வெண்ணெய் தடவியாச்சு, சாமியார் தண்ணி தெளிச்சாச்சு. விசுவாசமா இருன்னா இப்படியா ஒட்டிக்கிட்டு கெடக்கறது?" என்றாள் மரியட்.

"நானாடி ஒட்டிக்கிட்டேன்? அந்தாளு பாதியில விட்டுட்டு ஓடினதுக்கு என்னைய ஏசற."

சர் பேகனின் மகன் ரீனால்ட் பிரான்சில் ஒளிந்திருந்தார். அப்பன் சொல்லாமல் விட்ட வார்த்தையை மகன் சொல்லி முடிக்கலாம் என்பது ஊரறிந்த விஷயம். நடுவே லங்காஸ்டர் ராஜா திரும்பி வந்தார், ஊரே மணியடித்தது. ரீனால்டின் கப்பல் எதிர்காற்றில் மாட்டிக்கொண்டது. அது கரைசேர்வதற்குள் ஆட்சி மறுபடி கவிழ்ந்து, லங்காஸ்டர் குலத்தில் சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று. குத்தகைக் கணக்கு முடிக்கும் மைக்கேல் திருநாளுக்குள் கெர்வேஸ் தானே ஏர் பிடிக்காவிட்டால் ஆற்றோர வயலும் போகும் என்றார் மணியக்காரர். இருந்தது அது ஒன்றுதான்.

திருநாளுக்கு முந்தின நாள், யார்க் ராஜாவிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு ரீனால்ட் ஊர் வந்தார். கெர்வேஸ் ஓடிப்போய் சேற்றில் மண்டியிட்டான்.

"ஐயா, ஒரு வார்த்தை."

"ஏற்றேன்" என்றார் ரீனால்ட். ஒன்றும் நடக்கவில்லை.

"பொத்திச் சொல்லணுங்க."

ரீனால்ட் தோளைக் குலுக்கி மேலங்கியைச் சரியவிட்டார். உள்ளே அவருடைய கைகளும் கூப்பியே இருந்தன. போர் நடந்த அன்று காலையில் அவர் லங்காஸ்டர் பெரும்பிரபு ஒருவரின் எதிரில் மண்டியிட்டாராம். அந்தப் பெரும்பிரபுவும் பாதியில் குதிரையேறிப் போய்ச் செத்தாராம். அவருக்கு வாரிசும் இல்லை.

கெர்வேஸ் சேற்றிலேயே உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி ஏசினான். ஏசலில் ரீனால்டும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் ஆற்றோர வயல் கைமாறியது. வீட்டில் கரண்டி ஒன்றுதான் இருந்தது. மரியட் முதல் வாயைக் கணவனுக்கு ஊட்டினாள். பக்கத்தில் ரீனால்ட் பிரபு தன் முறைக்குக் காத்திருந்தார்.