கோபி வீட்டுக் கின்னிக்கோழி

கோபிக்கு அந்தக் கோழிகளைக் கண்டாலே ஆகாது. அவை பகல் முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்தின.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம் புதிதாக மனை பிரித்த இடத்தில் அவன் வீடு. ஒரு தோல் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. விடிய விடியத் தோல் ஊறும் டிரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காலையில் வந்து படுப்பான். கண் செருகுகிற நேரமாகப் பார்த்துப் பக்கத்து மனையில் ஆரம்பிக்கும்: "கோ-பீ! கோ-பீ! கோ-பீ!" குடிவந்த புதிதில் நிஜமாகவே யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்திருக்கிறான். வாசலில், சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த கின்னிக்கோழிகள் நாலைந்து நின்று, மொட்டைத் தலையைச் சாய்த்து அவனை ஏற இறங்கப் பார்த்தன.

கோழிகள் ஜஹீருன்னிசாவுடையவை. ஐம்பதை நெருங்குகிற பெண். கணவர் வெளிநாட்டில், பிள்ளைகள் பெங்களூரில். சுற்றிலும் புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்பு வருகிறது என்று வாணியம்பாடியில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்து விட்ட கோழிகள் பெருகி இப்போது ஒரு பட்டாளமாகிவிட்டன. கோபி ஒருநாள் பொறுக்கமுடியாமல் சுற்றுச்சுவருக்கு மேல் தலையை நீட்டிவிட்டான்.

"இன்னா பாயம்மா, உங்க கோழிங்க என் பேரைச் சொல்லியே கத்துதுங்க. தூங்கவே முடியல, ஒரே பேஜாரு."

"உன் பேரா? எனக்கு 'போ-டீ, போ-டீ'ன்னு இல்ல கேக்குது! எஜமானியையே போடீன்னுதுங்க. நான் கோச்சுக்கினேனா?"

கோபி தலையை இழுத்துக்கொண்டான். பஞ்சை வாங்கிக் காதில் அடைத்துக்கொண்டு படுக்கப் பழகிக்கொண்டான்.

மழை விட்டிருந்த ஒரு புரட்டாசி மாதக் காலையில், அவன் வீட்டோடு ஒட்டி இறக்கிய தகரக் கூரையின்மேல் ஏதோ தொப்பென்று விழுந்தது. பஞ்சையும் மீறிக் கேட்டது. வெளியே ஓடிவந்து பார்த்தால், வானத்தில் ஒரு பருந்தை ஏழெட்டுக் காக்கைகள் விரட்டிக்கொண்டு போயின. கூரையிலிருந்து சரிந்து, துவைக்கிற கல்லின் பக்கத்தில் வந்து விழுந்து கிடந்தது ஒரு கின்னிக்கோழிக் குஞ்சு. கைப்பிடிக்குள் அடங்கும் அளவு. பழுப்பில் கோடு கோடாக உடம்பு, சிவந்த அலகு. ஒரு கால் போகக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. தொடையில் ரத்தம். அந்த நிலையிலும் அது அவனைப் பார்த்துக் கத்திய கத்தல், அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வருகிற சத்தமாகவே இல்லை.

துண்டில் அள்ளிக்கொண்டு ஜஹீருன்னிசாவிடம் ஓடினான். அவள் குஞ்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"காலு போச்சு கோபி. இது தேறாது."

"கூட்டத்தோட விட்டா அதுங்க பாத்துக்காதா?"

"அதுங்களா? நொண்டின்னு தெரிஞ்சா சேந்துக்கினு கொத்தியே கொன்னுடும். பனியில நனைஞ்சே எத்தினி குஞ்சு போய்ட்டுது எனக்கு. அல்லா விட்ட வழி. நீ போயி தூங்குப்பா, ராத்திரி வேலை உனக்கு."

குஞ்சை அவள் கையில் கொடுத்துவிட்டு கேட் வரைக்கும் வந்தான். அது பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. திரும்பிப் போனான்.

"குடுங்க. நானே வெச்சுக்கறேன்."

"தூக்கம் கெடுதுன்னு சண்டைக்கு வந்தவன் நீதானே?"

"ஆமா, நான்தான்."

"அப்பறம் எதுக்கு?"

அவன் துண்டை மட்டும் நீட்டினான்.

கால்நடை மருந்தகத்தில் மாடும் ஆடுமாக நின்ற வரிசையில், செருப்பு டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு அவனும் நின்றான். எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. காயத்தைக் கழுவி மருந்து வைத்து, ஐஸ் குச்சியைச் சின்னதாக உடைத்துக் காலோடு சேர்த்து டேப் சுற்றினாள்.

"குஞ்சுக்கு எலும்பு சீக்கிரம் கூடிடும். சூடா வெச்சுக்கோங்க. தனியா மட்டும் விடாதீங்க. எப்பவும் கூட்டமா இருக்கற பறவை இது. தனியா விட்டா அந்தப் பயத்துலயே செத்துடும்."

அன்று சாயங்காலம் அவன் மனைவி ஜோதி வேலையிலிருந்து வந்தாள். அவளுக்கு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, பகல் ஷிப்டு. அவள் வரவும் அவன் கிளம்பவும் இடையில் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த அரை மணியும் 'கேஸ் சொல்லிட்டியா, மோட்டார் போட்டியா' என்றே கழிந்துவிடும். அன்று அவள் கட்டிலைப் பார்த்தாள். அவன் தலையணைக்குப் பக்கத்தில் செருப்பு டப்பா, அதன்மேல் தொங்குகிற குண்டு பல்பு, உள்ளே ஒரு குஞ்சு.

"யாரு இது, உன் சின்ன வீடா?"

"காலு ஒடிஞ்சிருக்கு. பருந்து தூக்கிப் போட்டுது."

"கின்னிக்கோழிதானே? 'ஒருநாள் எல்லாத்தையும் பிரியாணி போட்டுடறேன்'ன்னே?"

"சொன்னேன். இப்ப இன்னா அதுக்கு?"

அவள் சிரித்துக்கொண்டே டப்பாவுக்குள் விரலை விட்டாள். குஞ்சு நறுக்கென்று கொத்தியது.

டேப் நிற்கவில்லை. மறுநாள் காலைக்குள் அதைக் கொத்திக் கிழித்துக் குச்சியை இழுத்துப் போட்டுவிட்டது. ஜோதி ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து யோசித்தாள். வீட்டில் பழைய கைப்பை ஒன்று கிடந்தது. அதன் உள்பக்கம் மெல்லிய ஆட்டுத்தோல் லைனிங். அதை வெட்டி, ஓரத்தைச் சீவிச் சீவித் துணி மாதிரி மெலிதாக்கி, குச்சியை நடுவில் வைத்து, காலைச் சுற்றிப் போடுகிற மாதிரி ஒரு உறை தைத்தாள். கட்ட ஒரு நூல். போட்டுவிட்டதும் குஞ்சு அதை இரண்டு தடவை கொத்திப் பார்த்தது. சுவை பிடிக்கவில்லை போலிருக்கிறது, விட்டுவிட்டது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் லைனிங்.

லைனிங்குக்குக் காலைவிடப் பெரிய குறை தனிமைதான். கோபி குளிக்கப் போனால் கத்தும், டீ போடப் போனால் கத்தும். அவன் கண்ணை மூடினால்கூடக் கத்தும். அப்புறம் ஜோதியின் முகம் பார்க்கிற கண்ணாடியை டப்பாவுக்குள் சாய்த்து வைத்தான். குஞ்சு கண்ணாடிக் குஞ்சை உற்றுப் பார்த்தது. மெல்ல நகர்ந்துபோய் அதன்மேல் சாய்ந்துகொண்டு தூங்கிவிட்டது. பொட்டு வைக்கக் கண்ணாடி இல்லாமல் ஜோதி போனைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் வீடியோ கால் வரும். முன்பெல்லாம் அவன் தூங்குவான் என்று அவள் கூப்பிடவே மாட்டாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"உன்ன யாரு கேட்டா? லைனிங்க காட்டு."

பின்னால் அவளுடைய தையல் பிரிவுப் பெண்கள் எல்லாரும் போனுக்குள் தலையை நுழைத்து, "ஐயோ, பூட்ஸ் போட்டிருக்குதுடீ!" என்று கூவுவார்கள்.

கோபி கரையான் பிடிக்கக் கற்றுக்கொண்டான். பழைய பானையில் ஈரச் சாணியும் கோணிக் கந்தலும் அடைத்து மண்ணில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் மொய்த்துக் கிடக்கும். குஞ்சு உறை போட்ட காலை நீட்டிக்கொண்டு, மற்ற காலில் குந்தியபடி, ஒன்று விடாமல் பொறுக்கித் தின்னும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மத்தியானம் வந்தது. கோபி அயர்ந்து தூங்கிவிட்டான். திடுக்கிட்டு விழித்தபோது வீட்டில் சத்தமே இல்லை. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். குஞ்சு தண்ணீர்க் கிண்ணத்துக்குள் கவிழ்ந்து கிடந்தது. உறை போட்ட கால் விளிம்பில் மாட்டியிருந்தது. எடுத்தால் ஈரத் துணி மாதிரி கழுத்து தொங்கியது. உடம்பு ஜில்லென்றிருந்தது.

சட்டைப் பொத்தானைக் கழற்றி அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே வெயிலுக்கு ஓடினான். மேகம் மூடிக் கிடந்தது; வெயில் இல்லை. "பாயம்மா! பாயம்மா!" என்று சுவரருகே நின்று கத்தினான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்த ஜஹீருன்னிசா அவன் நெஞ்சில் கிடந்ததைப் பார்த்தாள். உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியும் பழைய பனியன் துணியுமாக அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். துணியைத் தேய்த்துச் சூடாக்கி, தன் கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்துக் கொடுப்பாள். அவன் குஞ்சைச் சுற்றுவான். அது ஆறுவதற்குள் அடுத்தது தயாராக இருக்கும். அவள் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. அவனுக்கு எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை; "கத்துடா, கத்துடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, நெஞ்சில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

"கொத்துது!" என்றான். "பாயம்மா, கொத்துது!"

"கொத்தட்டும். உனக்கு வேணும்." ஜஹீருன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கிண்ணத்துல யாராவது இவ்ளோ தண்ணி வெப்பாங்களா? கூழாங்கல்ல போட்டு வெய்யி. கல்லுக்கு நடுவுல இருக்கற தண்ணி போதும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தேறாதுன்னு நெனச்சேன். எதுக்குச் சொல்லுவேன்?" என்றவள் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, "டீ போடு" என்றாள்.

அதிலிருந்து அவள் தினமும் ஒரு தடவை சுவரோரம் வந்து விசாரிப்பாள். உறையைக் கழற்றிய அன்று மூன்று பேரும் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். லைனிங் எழுந்தது, சாய்ந்தது, மறுபடி எழுந்தது. பிறகு வலது பக்கம் ஒரு வெட்டு வெட்டி, நேராகக் கோபியின் பாதத்துக்கு ஓடிவந்து நின்றது. எலும்பு கூடியிருந்தது, நடையில் மட்டும் ஒரு கோணல் தங்கிவிட்டது.

அப்புறம் அவன் எங்கே போனாலும் அது பின்னால். கழிப்பறைக் கதவுக்கு வெளியே காவல். மளிகைக் கடைக்கு அவன் நடந்தால், தெருவில் ஒரு வெட்டு நடையோடு அதுவும் கடைக்கு. பழுப்பு உதிர்ந்து சாம்பலும் புள்ளியும் வர ஆரம்பித்தன. ஜோதிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் ஜஹீருன்னிசா சொன்னாள்: "கோபி, இது பெரிசாவுது. மனுசங்களோடவே இருந்துட்டா அதுக்கு எது இன்னான்னே தெரியாது. கூட்டத்துல சேக்கணும்."

"கொத்திக் கொன்னுடும்னீங்க?"

"கம்பி வலைக் கூண்டுல போட்டுக் கூட்டத்துக்கு நடுவுல வெப்போம். பாத்துப் பாத்துப் பழகட்டும்."

அவனுக்கு மனசே இல்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. கூண்டு ஜஹீருன்னிசா வீட்டுப் பின்பக்கம் போயிற்று. முதலில் மற்ற கோழிகள் வலையைச் சுற்றி வந்து கொத்தின. பிறகு அலட்சியம் செய்தன. பிறகு அதன் பக்கத்திலேயே மண்ணில் புரள ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டைத் திறந்தார்கள்.

லைனிங் வெளியே வந்தது. கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. சுவரில் தாவி, இந்தப் பக்கம் குதித்து, நேராகக் கோபி வீட்டுக்குள் ஓடியது. கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடி வந்தது.

"நீ உள்ள போயி கதவச் சாத்திக்கோ!" என்று சுவருக்கு அப்பாலிருந்து ஜஹீருன்னிசா அதட்டினாள். "நான் சொல்ற வரைக்கும் வெளிய தலையக் காட்டாத!"

கோபி கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். வெளியே லைனிங் கதவைக் கொத்திக்கொண்டு கத்தியது. அவன் எழப் பார்த்தான். ஜோதி அவன் தோளைப் பிடித்து அமுக்கினாள். கண் அவளுக்கும் நிறைந்திருந்தது.

"கொஞ்சம் இரு."

"பயப்படுது ஜோதி."

"பயப்படட்டும். நாமும்தான் பயப்படறோம்."

கத்தல் நீண்டுகொண்டே போனது. அப்புறம் விட்டு விட்டு வந்தது. அப்புறம் நின்றுபோனது. அந்த அமைதியைத்தான் கோபியால் தாங்கமுடியவில்லை. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தான்.

ஒரு பெரிய கோழி வாசல் வரை வந்து, லைனிங்கின் கழுத்தில் ஒரு கொத்துக் கொத்தியது. லைனிங் திரும்பிக் கொத்தியது. பலமாகவே கொத்தியது. பெரிய கோழி பின்வாங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டு, காலால் மண்ணைக் கிளறத் தொடங்கியது. லைனிங்கும் பக்கத்தில் போய்க் கிளறியது. பிறகு கூட்டம் புதர்ப் பக்கம் நகர்ந்தபோது, எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு வெட்டு நடையோடு அதுவும் போயிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

"போய்ட்டான்" என்றான் கோபி.

"போகட்டும்" என்றாள் ஜோதி. "அழுவறியா?"

"சீச்சீ. தூக்கம் கம்மி, அதான் கண்ணு எரியுது."

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் கோழிகள் ஒவ்வொன்றாக ஏறி அடைந்துகொண்டிருந்தன. லைனிங்கால் ஒரே மூச்சில் பறந்து ஏற முடியவில்லை. முதலில் சுவர், அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து தாழ்ந்த கிளை. கிளையில் இருந்தவை முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டன. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஜஹீருன்னிசா, இந்தப் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"இன்னிக்கி உனக்கு லீவுதானே?" என்றாள் ஜோதி.

"ஆமா."

"அப்ப வா, வெளிய எங்கியாவது போயி சாப்பிடலாம். எத்தினி நாளாச்சு."

கோபி எழுந்து சட்டை மாற்றிக்கொள்ளப் போனான்.